கலப்புப் பாம்பும் அதன் கால்வழியும்

குதிரையும் கழுதையும் கூடினால் கோவேறு கழுதை பிறக்கும் என்பதும், அக்கோவேறு கழுதை பெரும்பாலும் மலடாகவே இருக்கும் என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்திகள். இயற்கை இனத்துக்கு இனம் வேலியிட்டிருக்கிறது, வேலி தாண்டிப் பிறந்தது தன்னோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் இதிலிருந்து எழுந்ததே. குதிரை, கழுதை அளவில் அவ்வெண்ணம் பெரிதும் உண்மை. ஆனால் எல்லா உயிர்களுக்கும் அது பொதுவிதியாகாது. பாம்பின் கதை வேறு. விலங்கியலார் ஒத்த இனங்கள் பலவற்றைச் சேர்த்து ஒரு சாதி என வகுப்பர். இருவேறு இனப் பாம்புகளை மட்டுமன்றி, இருவேறு சாதிப் பாம்புகளையுங்கூடக் கூண்டில் இணைத்துக் குட்டி பெறுகின்றனர் சிலர். அக்குட்டிகளுள் பல நன்கு வளர்ந்து, தாமும் முட்டையிட்டுச் சந்ததி பெருக்குகின்றன. வேலி தாண்டியது தன்னோடு முடிவதில்லை. அதனால் அக்குட்டிகளுக்கு நேர்வது யாது, அவற்றின் பின் வருவனவற்றுக்கு நேர்வது யாது என்பன ஆராயத் தக்க கேள்விகள்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. அந்நடுக்கம் சிறிதுமின்றிப் பாம்பை வீட்டுப் பிராணியாக வளர்ப்போர் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருந்தொகையினர். ஒரு கண்ணாடிப் பெட்டி, சூடு தரும் மின்விளக்கு, ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம், கிழமைக்கு ஓர் எலி: இவை இருந்தால் பாம்பு பல்லாண்டு வாழும். அவர்கள் மிக விரும்பி வளர்ப்பவற்றுள் ஒன்று சோளப்பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியே அதன் தாயகம். அதற்கு நஞ்சில்லை, ஒன்றரை மீற்றர் அளவுக்கு வளரும், கையில் எடுத்தால் அமைதியாகக் கிடக்கும். செம்மஞ்சள் உடலிற் சிவப்புத் திட்டுகளும், வயிற்றிற் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் அதற்கு அழகு தருகின்றன.

இவ்வழகே கலப்புக்கும் தொடக்கமாயிற்று. கறுப்பு நிறப்பொருள் இல்லாத வெளிறிய சோளப்பாம்புகள் எப்போதாவது ஒன்றாகக் காட்டிற் கிடைப்பதுண்டு. அவ்வெளிறிய நிறம் எவ்வாறு பரம்பரையில் இறங்குகிறது என்பதைப் பேர்னாட் பெக்டெல் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் கூண்டில் இனவிருத்தி செய்து ஆராய்ந்து, 1962ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டார். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட அதே விதி பாம்பிலும் நின்றது. வெளிறிய நிறம் பின்னிடைவான இயல்பு. தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் அதற்குரிய பரம்பரையலகு வந்து சேர்ந்தாலன்றி அது வெளியே தோன்றாது. ஒருபுறம் மட்டும் வந்தால், உடலில் ஒளிந்திருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

இவ்விதியை அறிந்த பின்னர் நிறத்தை வேண்டியவாறு வரவழைப்பது கணக்குப் போடுவது போலாயிற்று. புதிய நிறத்துக்குப் புதிய விலை கிடைத்தது. ஓர் இனத்துக்குள் கிடைக்கும் நிறங்கள் பழகிப்போனதும், வளர்ப்போர் கண் வேலிக்கு அப்பாற் சென்றது. அமெரிக்கப் பெருஞ் சமவெளியில் சோளப்பாம்பின் நெருங்கிய உறவான எலிப்பாம்பு ஒன்று உண்டு. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தது. வெளிறிய சோளப்பாம்பை இதனோடு இணைத்தனர். முதற் குட்டிகளில் ஒன்றேனும் வெளிறவில்லை. அவற்றைத் தம்முள் இணைத்தபோது நான்கில் ஒரு பங்கு என்ற கணக்கில் வெளிறிய குட்டிகள் பிறந்தன. அவை சோளப்பாம்பின் சிவப்பும் இன்றி, எலிப்பாம்பின் சாம்பலும் இன்றி, இளமஞ்சள் கலந்த செம்மஞ்சளாய் இருந்தன. அந்நிறத்தைக் கண்டவர்கள் அமெரிக்காவில் விற்கும் ஓர் ஐஸ்பழத்தின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினர்.

அடுத்த படி இன்னும் துணிவானது. கலிபோர்ணியாவில் வாழும் அரசப்பாம்பை நேயர்கள் நம் இராசநாகத்தோடு மயங்கலாகாது. அது நஞ்சற்றது, எனினும் பிற பாம்புகளை இறுக்கிக் கொன்று தின்பது. கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சும் அதனை எளிதிற் கொல்லாது. அதனாலேயே அரசன் என்ற பெயர் பெற்றது. சோளப்பாம்பும் அரசப்பாம்பும் வெவ்வேறு சாதியைச் சேர்ந்தவை. ஒரு பெட்டியில் விட்டால் மணம் நிகழ்வதிலும் விருந்து நிகழ்வதே இயல்பு. ஆயினும் பாம்பு தன் துணையைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. பெண்பாம்பின் தோலிலுள்ள ஒருவகை மணப்பொருளை ஆண்பாம்பு நாவால் ஏந்தி, வாயின் மேற்புறத்துள்ள உறுப்பொன்றினால் உணர்கிறது. இனத்துக்கு இனம் இயற்கையிட்ட வேலிகளுள் இம்மணமே முதன்மையானது. கூண்டில் வளர்ப்போர் மணத்தை மாற்றி ஆண்பாம்பை ஏமாற்றுகின்றனர். காட்டிற் பெரும்பாலும் மூடியிருக்கும் கதவு கூண்டில் இவ்வாறு திறக்கப்படுகிறது.

கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே கருத் தரிக்க வேண்டுமே. இங்கேதான் கோவேறு கழுதைக்கும் பாம்புக்கும் வேற்றுமை புலனாகிறது. உயிர்க்கலத்தினுள்ளே பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இரண்டின் பாதிகளும் சேர்ந்த கோவேறு கழுதைக்கு 63. அது தன் விந்தையோ முட்டையையோ ஆக்கும்போது இந்நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக நின்று பிரிய வேண்டும். அங்கே சோடிகள் ஒழுங்காகச் சேர்வதில்லை, ஆகவே மலடாகிறது. பாம்புகளிலோ மிகப் பல இனங்களுக்கு நிறமூர்த்த எண்ணிக்கை 36. சோளப்பாம்புக்கும் 36, அரசப்பாம்புக்கும் 36, மலைப்பாம்புக்கும் 36. எண்ணிக்கை ஒத்திருந்தால் எல்லாம் ஒத்துவிடும் என்பதற்கில்லை. எனினும் ஒரு பெருந்தடை அங்கே இல்லை. ஆதலால் சோளப்பாம்புக்கும் அரசப்பாம்புக்கும் பிறந்தவை மலடாகாமல், தம்முள்ளும் தம் பெற்றோர் இனங்களோடும் கூடிக் குட்டி பெறுகின்றன.

எல்லாக் கலப்பும் இத்துணை எளிதாக நிறைவேறுமென எண்ணலாகாது. ஆபிரிக்காவில் வாழும் பந்து மலைப்பாம்பையும், அவுஸ்திரேலியாவில் வாழும் கம்பள மலைப்பாம்பையும் இணைத்துக் குட்டி பெற்றதும் உண்டு. சில கோடி ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்த வழிகள் அவை. உறவு விலக விலகக் கருத்தரியாத முட்டைகளும், ஓட்டினுள்ளேயே மடியும் கருக்களும், பிறந்தும் மலடாகும் குட்டிகளும் மிகும் என்பது விலங்குலகிற் பரவலாகக் காணப்படும் உண்மை. கலப்பிற் பிறந்தவற்றுள் ஆண், பெண் என்னும் இரு பாலில் ஒன்று மட்டும் இல்லாதோ அரிதாயோ மலடாயோ இருந்தால், அது இருவகைப் பால் நிறமூர்த்தங்களைத் தாங்கும் பாலாகவே இருக்கும் என 1922ஆம் ஆண்டில் ஹால்டேன் என்னும் அறிஞர் விதியொன்றை வகுத்தார். பிற்காலத்தில் இந்தியாவிற் குடியேறி அங்கேயே காலமானவர் அவர். சோளப்பாம்பின் குடும்பத்தில் அவ்வாறு இருவகையும் தாங்குவது பெண். பர்மிய மலைப்பாம்பில் அது ஆண் என்பது 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வாற் புலனாயிற்று. எனவே கலப்பின் கேடு முதலிற் புலப்படக்கூடிய இடம் பாம்புக் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்.

விற்பனைக் கண்காட்சியில் வைக்கப்படுவது பிழைத்து நின்ற குட்டி மட்டுமே என்பதையும் மறத்தலாகாது. பழுதாகி எறியப்பட்ட முட்டைகளை எவரும் அங்கே கொண்டுவந்து வைப்பதில்லை. ஆகவே கண்காட்சியைப் பார்த்துக் கலப்பின் நலத்தை அளப்பது, அறுவடை நாளில் நெற்களஞ்சியத்தை மட்டும் பார்த்து வெள்ளத்திற் போன வயலை மறப்பது போன்றதாகும்.

பிழைத்த குட்டியின் இயல்பு எத்தகையது? பெரும்பாலும் அது பெற்றோர் இருவருக்கும் இடைப்பட்டதாய் இருக்கும். முதற் கலப்புத் தலைமுறை சிலபோது பெற்றோரிலும் விரைந்து வளர்ந்து திடமாய் நிற்பதுண்டு. இதனைக் கலப்பு வீரியம் என்பர். இதைக் கண்டு மகிழ்பவர் இரண்டாம் தலைமுறையையும் பார்த்தல் வேண்டும். முதற் கலப்புக் குட்டியிடம் தாயின் வழி ஒரு முழுத் தொகுதியும், தந்தையின் வழி ஒரு முழுத் தொகுதியும் உள்ளன. அதன் குட்டிகளில் அத்தொகுதிகள் கலைந்து கலந்துவிடுகின்றன. இரு தச்சர்கள் தத்தம் அளவுகோலால் இரு வண்டிகள் செய்தனர் எனக் கொள்வோம். இரண்டும் நன்கு ஓடும். இரண்டையும் பிரித்து, ஒருவர் செய்த அச்சில் மற்றவர் செய்த சில்லை மாட்டினால் ஓடினும் ஓடும். குடை சாயினும் சாயும். இரண்டாம் தலைமுறையில் ஒரே ஈட்டுக் குட்டிகள் ஒன்றுக்கொன்று நிறத்திலும் பருமனிலும் குணத்திலும் பெரிதும் வேறுபடுவதற்கும், சில நலிவதற்கும் காரணம் இதுவே.

குணத்திலும் வேறுபாடு உண்டு. சோளப்பாம்பின் அமைதியை எதிர்பார்த்து வாங்கிய ஒருவர் கையில், பாம்பைத் தின்னும் அரசப்பாம்பின் பசி வந்து சேரலாம். இரு குட்டிகளை ஒரு பெட்டியிலிட்டால் மறுநாள் ஒன்றே மிஞ்சலாம். அளவிலும் இவ்வாறே. பந்து மலைப்பாம்பு ஒன்றரை மீற்றரளவில் நின்றுவிடும். பர்மிய மலைப்பாம்பு ஐந்து மீற்றரையும் கடந்து வளரக்கூடியது. இவ்விரண்டையும் கலந்து பிறந்த குட்டி எங்கே நிற்கும் என்பதை அதனை வாங்குபவர் முன்கூட்டி அறிய இயலாது. உணவும் சூடும் இடமும் எவ்வளவு வேண்டும் என்பதை இனத்தின் பெயரைக் கொண்டே வளர்ப்போர் தீர்மானிக்கின்றனர். பெயர் பொய்த்தால் வளர்ப்பும் பொய்க்கும். துன்புறுவது வாய்பேசாத பிராணி.

கலப்பை ஆதரிப்போர் கூறும் நியாயத்தையும் கேட்டல் வேண்டும். ஒரே குருதியை மீண்டும் மீண்டும் இணைத்தாலும் கேடு வருகிறதன்றோ என்பர். அது மெய்யே. பந்து மலைப்பாம்பில் சிலந்தி என்று பெயரிட்ட ஒரு கோலவகை உண்டு. அதன் அழகுக்காகவே பெருக்கப்பட்ட அப்பாம்புகள் தலையை நேரே நிறுத்தமாட்டாமல் ஆட்டுகின்றன. அவற்றின் உட்காதிலே, உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உருத் திரிந்திருப்பதை 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேறினத்தைக் கலக்காமலே வந்த கேடு அது. ஆனால் இதிலிருந்து பெறப்படுவது, கலப்பு நல்லது என்பதன்று. நிறத்தின் விலையை மட்டும் நோக்கிச் செய்யும் இனவிருத்தி, வேலிக்கு உள்ளேயும் தீங்கு செய்யும், வெளியேயும் தீங்கு செய்யும் என்பதே. சிலந்திக் கோலத்தின் பரம்பரையலகைக் கலப்பால் வேறினத்துக்கும் கொண்டுசென்றால் தலையாட்டமும் உடன் செல்லக்கூடும்.

கூண்டுக்குள் இருக்கும் கலப்புப் பாம்பினால் எவருக்கு என்ன நட்டம் என்பது அவர்களது மற்றொரு கேள்வி. இதற்கு விடை காணச் சிறு கணக்கொன்று உதவும். சோளப்பாம்புக்கும் அரசப்பாம்புக்கும் பிறந்த குட்டியில் அரசப்பாம்பின் பங்கு இரண்டில் ஒன்று. அக்குட்டியை மீண்டும் தூய சோளப்பாம்போடு இணைத்தால் சராசரியாக நான்கில் ஒன்று. மறுமுறை எட்டில் ஒன்று. அதற்கும் அடுத்த முறை பதினாறில் ஒன்று. பதினாறில் ஒரு பங்கு கலந்த பாம்பைக் கண்ணாற் பார்த்து எவராலும் பிரித்தறிய இயலாது. அது சோளப்பாம்பு என்றே விற்கப்படும். அதை வாங்கியவர் ஐயுறாமல் தம் தூய பாம்போடு இணைப்பார். அன்று முதல் அவர் வீட்டுப் பாம்புகளின் கால்வழி முழுவதும் பெயரளவிலேயே தூயதாகும். கலந்தபின் பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே நலிந்து மடியும் கலப்பினும், நன்கு வாழ்ந்து பெருகும் கலப்பே பெரிய மாற்றத்தைச் செய்கிறது. மடிந்தது தன் துன்பத்தோடு முடிகிறது; பெருகுவது தன் பெயரைத் தொலைத்துக்கொண்டு, பிறவற்றின் பெயரையும் தொலைக்கிறது.

கூண்டிற் செய்த கலப்பு கூண்டிலேயே நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. இதற்குச் சான்றாக நிற்பது புளோரிடா மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள எவகிளேட்ஸ் என்னும் பரந்த சதுப்பு நிலம். வீட்டுப் பிராணியாக வளர்க்கக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகளை, அவை பெருத்துவிட்டதும் உரியவர்கள் சிலர் அங்கே விட்டுவிட்டனர். 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வீசிய அன்ட்ரூ என்னும் பெரும்புயலின்போது பாம்புப் பண்ணையொன்று அழிந்து, அங்கிருந்தவையும் வெளியேறின. 2000ஆம் ஆண்டளவில் அவை அச்சதுப்பு நிலத்திலே நிலைத்து இனம் பெருக்குவது உறுதியாயிற்று. 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, அங்கே ரக்கூன் என்னும் விலங்கைக் காண்பது முன்னிருந்ததிலும் 99.3 சதவீதம் குறைந்துவிட்டது. ஒப்போசம் என்பது 98.9 சதவீதம் குறைந்தது; பொப்காட் என்னும் காட்டுப்பூனை 87.5 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது.

2018ஆம் ஆண்டில் இன்னொரு செய்தி வெளிவந்தது. அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் ஆய்வாளர் அப்பகுதியில் பிடிபட்ட ஏறத்தாழ 400 மலைப்பாம்புகளின் பரம்பரைப் பொருளை ஆராய்ந்தனர். உயிர்க்கலத்தில் இழைமணி என்றொரு நுண்ணுறுப்பு உண்டு; அதன் பரம்பரைப் பொருள் தாய்வழியாகவே இறங்குவது. ஆராயப்பட்டவற்றுள் 13 பாம்புகளின் இழைமணியிற் காணப்பட்டது பர்மிய மலைப்பாம்பின் அடையாளமன்று. இந்திய மலைப்பாம்பின் அடையாளம். உருவிலே அவை பர்மியப் பாம்புகளாகவே கருதப்பட்டவை. சதுப்பு நிலத்தில் நிலைபெறுவதற்கு முன்னரே, அவற்றின் முன்னோரில் இவ்விரு இனமும் கலந்திருத்தல் வேண்டும் என ஆய்வாளர் கருதினர். பர்மிய இனம் ஈரநிலத்தை விரும்புவது. இந்திய இனம் மேடான வறண்ட நிலத்தையும் விரும்புவது. இரண்டும் கலந்த பாம்புக்கு இரு நிலமும் பொருந்தினால், அது பரவும் எல்லை விரியக்கூடும் என்பதே அவர்களின் எச்சரிக்கை.

இந்திய மலைப்பாம்பு என்று நூல்கள் கூறும் இவ்வினம் இலங்கைக்குப் புதிதன்று. இந்நாட்டில் வெங்கிணாந்தி என வழங்கும் பாம்பும் அதுவே. 2009ஆம் ஆண்டு வரை பர்மியப் பாம்பும் இதே இனத்தின் ஓர் உட்பிரிவாகவே எண்ணப்பட்டது; அதன் பின்னரே தனியினமாக ஏற்கப்பட்டது. இரண்டும் ஒன்றே என்ற எண்ணத்தோடு முற்காலத்தில் அவற்றைச் சேர்த்து வைத்தவர்களைக் குறைகூறுவதில் நியாயமில்லை. அறிஞர் வகுத்த எல்லையே பின்னர் மாறியது. எனினும் அவ்வாறு கலந்த வழியில் வந்த பாம்பை எத்துணை அன்போடு வளர்த்தாலும், வெங்கிணாந்தி அருகிவிட்ட ஒரு காட்டிலே அதன் இனத்தை மீண்டும் நிலைநாட்ட அதனைப் பயன்படுத்த முடியாது. அருகிய உயிர்களுக்குக் கூண்டிலுள்ள சந்ததி ஒரு விதைநெல். விதைநெல்லிற் பதர் கலந்தால் புடைத்து நீக்கலாம். வேறு நெல் கலந்தால் நீக்குவது எவ்வாறு?

அனைத்துலகச் சட்டமும் இதனை உணர்ந்தே விதி செய்துள்ளது. அருகிவரும் காட்டுயிர்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்த 1973ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கை அதில் 1979ஆம் ஆண்டில் இணைந்தது. அதன் முதலாம் பட்டியலில், மிகக் கடுமையான காவலுக்குரியதாக இந்திய மலைப்பாம்பு இடம்பெற்றுள்ளது. பர்மிய இனம் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இவற்றின் கலப்பிற் பிறந்தது எப்பட்டியலைச் சாரும்? முந்திய நான்கு தலைமுறைக்குள் முதலாம் பட்டியலைச் சேர்ந்த முன்னோர் ஒருவர் இருப்பினும் அக்கடுங்காவலே கலப்புக்கும் உரியது என்பது விதி. தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் என எண்ணினால் நான்கு தலைமுறை. ஓட்டனின் பங்கு பதினாறில் ஒன்று. கண்ணுக்குப் புலப்படாத அப்பதினாறில் ஒரு பங்கையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஆனால் எழுதிவைத்த வம்ச வரலாறு இல்லையாயின் அக்கணக்கை யார் காட்டுவது?

எனவே பாம்பு வளர்ப்போர் கடமை தெளிவாகிறது. கலப்புப் பாம்பைக் கலப்பென்றே கூறி விற்றல் வேண்டும். அதன் தாய் யாது, தந்தை யாது, எத்தனையாம் தலைமுறை என்பனவற்றை ஏட்டிற் பதிந்து, பாம்பு கைமாறும்போது ஏடும் உடன் கைமாறச் செய்தல் வேண்டும். மலடல்லாத கலப்பைத் தூய இனத்தோடு மறைவாகச் சேர்த்தல் ஆகாது. எக்காரணம் பற்றியும் அதனை வெளியில் விடுதல் ஆகாது. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை; ஒரு குறிப்பேடும் உண்மை சொல்லும் நாவும் போதும்.

கலப்பிற் பிறந்த குட்டி ஒரு குற்றமும் அறியாது. அது தன் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மணத்தை மாற்றிக் கதவைத் திறந்தவன் மனிதன். அதற்கு உரிய உணவும் சூடும் இடமும் தருவது அவன் பொறுப்பு. அதன் உண்மையான பெயரை இழக்காமல் அடுத்தவர் கையில் ஒப்படைப்பதும் அவன் பொறுப்பே.